அப்பா தலையில மெஷின் வைக்கலாமான்னு கேட்டீங்க, அப்பாகிட்ட கேட்டீங்களா?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். அப்பாவுக்கு 63 வயசு, பார்க்கின்சன்ஸ், அதான் கை நடுங்கி உடம்பு இறுகிப்போற மூளை நோய், வந்து 11 வருஷம், திருவட்டார் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கு, முன்னாடி அவரே விடியக்காலம் எழும்பிப் பால் வெட்டுவாரு, இப்ப கத்தியைப் பிடிக்க முடியல. டாக்டர் டிபிஎஸ், அதாவது மூளைக்குள்ள வயர் வச்சுக் கரண்டு கொடுக்குற மெஷின், வைக்கலாம்னு சொல்லிட்டாரு. அண்ணன் "மண்டையைத் துளைச்சு மூளைக்குக் கரண்டு கொடுக்குறது பாவம், ஆளே மாறிப்போவாரு"ன்னு சண்டை, அம்மா அழுகை, நீங்க நடுவுல நின்னுட்டு இது செய்யலாமா கூடாதான்னு கேக்குறீங்க. இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க, அதுல அப்பாவைப் பத்தி ஒரே ஒரு வரி, "அவரு ஒண்ணும் சொல்லல". எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியல.

நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல 22 வருஷமா வீடு வீடாப் போய் பார்க்கின்சன்ஸ், ஸ்ட்ரோக் பேஷண்டுங்களை நடக்க வைக்கிறதுதான் வேலை. மூளையில மெஷின் வச்சவங்களையும் பாத்திருக்கேன், வேண்டாம்னு சொன்னவங்களையும் பாத்திருக்கேன், வச்சிட்டுக் கஷ்டப்பட்டவங்களையும் பாத்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு. பார்க்கின்சன்ஸ்ல முகத்துல உள்ள தசையெல்லாம் இறுகிப்போவும், சிரிப்பு கோபம் எதுவும் முகத்துல தெரியாது, கண்ணு சிமிட்டுறது கூடக் குறைஞ்சிடும். குரல் தணிஞ்சிடும். கேள்வி கேட்டா மனசுல பதில் வந்தாலும் வாய்க்கு வர நேரம் எடுக்கும், அதுக்குள்ள நம்ம அடுத்த கேள்வியைக் கேட்டுடுவோம், இல்லன்னா நம்மளே பதிலும் சொல்லிடுவோம். அப்புறம் வெளியில போய் "அவருக்கு ஒண்ணும் அபிப்பிராயம் இல்ல"ம்போம். உங்க அப்பா ஒண்ணும் சொல்லலைங்கிறது சம்மதமும் இல்ல, மறுப்பும் இல்ல. அவரு இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

கொளச்சல் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்ல ஒரு தாத்தா, கடலுக்குப் போறதை நிறுத்தின பிறகு வீட்டுத் திண்ணையில இருந்து வலை சரி பண்ணிக் கொடுப்பாரு. கை நடுக்கம் கூடி வலை ஊசியே பிடிக்க முடியாமப் போச்சு. மூணு மகள்கள், மூணு பேரும் நல்ல பிள்ளைங்க, எப்படியாவது பணம் புரட்டி டிபிஎஸ் வைக்கணும்னு முடிவே பண்ணிட்டாங்க, காரணம் அப்பா பழையபடி வலை முடையணும். நான் காலையில போவேன், அந்த நேரம் மாத்திரை ஏறியிருக்காது, மரக்கட்டை மாதிரி இருப்பாரு, என்ன கேட்டாலும் ம்ம்கூட வராது. ஒரு நாள் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். முதல்ல கால் விரல் லேசா அசையும், அப்புறம் தோள் தளரும், அப்புறம் முகத்துல கொஞ்சம் உயிர் வரும். அப்ப கேட்டேன், ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு என்ன வேணும்னு. நல்ல நேரம் எடுத்துச் சொன்னாரு, "எனக்கு வலையெல்லாம் வேண்டாம் மக்கா. ராத்திரி கட்டில்ல நானா ஒருக்கா திரும்பிக் கெடக்கணும். அதுக்குப் பிள்ளையள எழுப்பப் பிடாது." மகள்கள் மூணு பேரும் அங்கயே நின்னாங்க, ஒருத்தரும் ஒண்ணும் பேசல. அவருக்குப் பிறகு நியூரோ டாக்டர் ராத்திரிக்கு மெதுவா வேலை செய்யுற லெவோடோபாங்கிற பார்க்கின்சன்ஸ் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தாரு, திரும்பிப் படுக்குறது பெருமளவு சரியாச்சு, ஆபரேஷன் பேச்சே அப்புறம் வரல. அவருக்கு வேணும்னது என்னன்னு அத்தனை மாசமா யாரும் கேக்கல, நானும்தான் கேக்கல.

இனி டிபிஎஸ்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அண்ணன் நினைக்கிறது ஷாக் ட்ரீட்மென்டுன்னு எனக்குத் தோணுது, ரெண்டும் வேற. மண்டையோட்டுல ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னதா ஓட்டை போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் கூட கனம் இல்லாத மெல்லிய வயரை மூளையோட ஆழத்துல ஒரு இடத்துக்குக் கொண்டு போவாங்க. பார்க்கின்சன்ஸ்க்குப் பெரும்பாலும் சப்தலாமிக் நியூக்ளியஸ்ங்கிற இடம், பாதாம்பருப்பை விடச் சின்னது. வலது இடதுன்னு ரெண்டு வயர். அது காதுக்குப் பின்னாடி தோலுக்கடியில இறங்கி, காறை எலும்புக்குக் கீழ வச்ச பேட்டரிக்கு வரும். செகண்டுக்குச் சுமார் 130 தடவை சின்னச் சின்னத் துடிப்பு போய்க்கிட்டே இருக்கும், ராத்திரி பகல் நிக்காது. பல இடத்துல ஆபரேஷன் நடக்கும்போது பேஷண்டு முழிச்சிருப்பாரு, தலையைச் சட்டத்துல நாலு திருகு வச்சு இறுக்கியிருப்பாங்க, கையை விரி மூடு, எண்ணிக்கை சொல்லுன்னு கேட்டுக்கிட்டே செய்வாங்க. பிரான்ஸ்ல கிரெனோபிள் ஊர்ல பெனாபிடும் பொலாக்கும் 1987ல இந்த முறையைத் தொடங்கினாங்க, 1997ல அமெரிக்காவுல நடுக்கத்துக்கு அனுமதி கிடைச்சுது, 2002ல பார்க்கின்சன்ஸ்க்கு. அதாவது இது நேத்து வந்த பரிசோதனை இல்ல.

ஆனா ஆஸ்பத்திரி நோட்டீஸ்ல பெருசா எழுத மாட்டாங்க, நான் சொல்றேன். இது நோயை நிறுத்தாது. மாத்திரை நல்லா ஏறியிருக்கும்போது உங்க அப்பா எப்படி இருக்காரோ, அந்த நல்ல நேரத்தை நாள் பூரா நீட்டிக் கொடுக்கும், நடுக்கம் ஒண்ணைத் தவிர மத்த விஷயத்துல அதைத் தாண்டி ஒண்ணும் கொடுக்காது. மாத்திரை ஏறியிருக்கும்போதும் நடை ஒட்டிக்குது, நிலை தவறி விழுறாருன்னா அது ஆபரேஷனால சரியாவும்னு நம்ப வேண்டாம். பேச்சு இன்னும் கொழகொழன்னு ஆவறதும் உண்டு. மூளைக்குள்ள ரத்தக்கசிவு நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு, கிருமி ஏறி மெஷினையே எடுக்க வேண்டி வர்றது அதை விடக் கொஞ்சம் கூடுதல். ஸ்விட்சை அணைச்சா பழைய நிலைக்கு வந்துடலாம்னு சொல்வாங்க, கரண்டைப் பொறுத்தவரை அது சரிதான், வயர் போன வழியில கசிஞ்ச ரத்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அண்ணன் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீங்க. மூளையில கைவைக்கிறதுக்கு ஒரு கெட்ட சரித்திரம் இருக்கு. போர்ச்சுகல்ல மோனிஸ்னு ஒரு டாக்டர் 1935ல மூளையோட முன்பக்க இணைப்பை வெட்டுற ஆபரேஷனைத் தொடங்கினாரு, அதுக்கு 1949ல நோபல் பரிசே கொடுத்தாங்க. அமெரிக்காவுல ஃப்ரீமன்ங்கிறவரு கண்குழி வழியா கம்பியை அடிச்சு இறக்கி ஆயிரக்கணக்கான பேருக்கு அதைச் செஞ்சாரு. பின்னால ஜனாதிபதியான கென்னடியோட தங்கச்சி ரோஸ்மேரிக்கு 1941ல, 23 வயசுல, மோனிஸ் தொடங்கின மாதிரி முன்பக்க இணைப்பை வெட்டுற ஆபரேஷன் நடந்துச்சு. முடிவு எடுத்தது அவங்க அப்பா. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் நடையும் பேச்சும் போய் 2005ல சாவுற வரைக்கும் அடுத்தவங்க பராமரிப்புலயே இருந்தாங்க. வீட்டுக்காரங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பாங்க, அதான் இன்னும் மனசை அறுக்குது.

நம்ம சென்னையிலயும் இருக்கு. ராமமூர்த்தி, பாலசுப்ரமணியம், கனகா இவங்கெல்லாம் இந்தியாவுல நியூரோசர்ஜரியைத் தூக்கி நிறுத்தினவங்க, கனகா அம்மா ஆசியாவுலயே முதல் பெண் நியூரோசர்ஜன்கள்ல ஒருத்தங்க, அவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு. அதே ஆளுங்க 60கள்லயும் 70கள்லயும் அடங்காம மூர்க்கமா இருந்தவங்களுக்கு, அதுல குழந்தைங்களுக்கும், மூளையில ஒரு சின்ன இடத்தை அழிச்சு அமைதிப்படுத்துற ஆபரேஷன் செஞ்சாங்க, செடேட்டிவ் நியூரோசர்ஜரின்னு பேர் வச்சுக் கட்டுரையும் எழுதினாங்க. அன்னைக்கு மருந்து கம்மி, வீட்டுல கட்டிப்போட்டு வச்சிருந்த காலம், அதெல்லாம் உண்மை. ஆனா அமைதியானது யாருக்காகன்னு நான் யோசிப்பேன், அந்தப் பிள்ளைக்கா, சுத்தி இருந்தவங்களுக்கா. இந்தக் கேள்வியை உங்க வீட்டுலயும் கேளுங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் வேணும்னு சொல்றது அப்பா வலிக்காகவா, இல்ல பாத்துக்கிறவங்க களைப்புக்காகவா. களைப்பு தப்பில்ல, அம்மா படுறது எனக்குத் தெரியும், ஆனா களைப்புக்கு மருந்து ஆள் வச்சு உதவி எடுக்குறது, அவரு தலையில ஓட்டை போடுறது இல்ல.

சட்டமும் இந்த வழியாத்தான் வந்திருக்கு. 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 96வது பிரிவு, மனநோய்க்கு மூளையில ஆபரேஷன் செய்யணும்னா யாருக்குச் செய்யுறாங்களோ அவங்களே தெரிஞ்சு புரிஞ்சு சம்மதிக்கணும், கூடவே மனநல வாரியமும் அனுமதி கொடுக்கணும்னு சொல்லுது, ரெண்டும் வேணும். ஷாக் ட்ரீட்மென்டுக்கும் மயக்க மருந்தும் தசை தளர்த்துற மருந்தும் இல்லாமச் செய்யக்கூடாதுன்னு அதே சட்டத்துலதான் இருக்கு. பார்க்கின்சன்ஸ் மனநோய் இல்ல, அதனால அந்த 96வது பிரிவு உங்க அப்பாவுக்கு நேரடியா வராது, சாதாரண ஆபரேஷன் சம்மதம்தான். ஆனா சம்மதம் அவரோடதுங்கிறதுல எந்த வித்தியாசமும் இல்ல. ஃபாரத்துல மகன் கையெழுத்து போட இடம் இருக்குன்னு முடிவும் மகனோடதுன்னு ஆயிடாது.

ஆள் மாறிப்போவாரான்னு கேட்டீங்க. நேராச் சொன்னா, சில பேருக்கு மாறும். கரண்டு அளவு கூடிப்போனா தூக்கம் இல்லாம ஓவர் உற்சாகம், கண்டமேனிக்குச் செலவு, எரிச்சல், சில பேருக்கு நேர்மாறா ஒரு மந்தம், எதுலயும் ஈடுபாடு இல்லாத நிலை. பெரும்பாலும் அளவை மாத்தினா சரியாவும். ஆனா இன்னொண்ணையும் சேர்த்துப் பாக்கணும், நோயும் ஆளை மாத்துது, மாத்திரையும் மாத்துது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, பீடியைக் கூட தொடாதவரு, பிராமிபெக்சோல்ங்கிற பார்க்கின்சன்ஸ் மாத்திரை டோஸ் கூட்டின பிறகு களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலை போய் தினம் லாட்டரி எடுக்க ஆரம்பிச்சாரு, நகையை வச்சும் எடுத்தாரு. வீட்டுல அவரைக் கரிச்சுக் கொட்டினாங்க. டாக்டர்கிட்ட சொன்னதும் மாத்திரையைப் படிப்படியாக் குறைச்சாங்க, லாட்டரியும் நின்னுச்சு. அவருக்கு மண்டையில ஒரு வயரும் இல்ல. அதனால "இயற்கையான அப்பா ஒரு பக்கம், மெஷின் அப்பா ஒரு பக்கம்"னு அண்ணன் பிரிக்கிறது சரியா வராது, 11 வருஷமா மாத்திரையோட இருக்குற அப்பாதான் இப்ப இருக்கிற அப்பா.

இதுல நெதர்லாந்துல நடந்த ஒரு சம்பவம் டாக்டருங்க பத்திரிகையில 2004ல வந்துச்சு, நான் அடிக்கடி யோசிக்கிறது. 62 வயசு ஆள், டிபிஎஸ் வச்சதும் கை கால் நல்லா ஆயிடுச்சு, ஆனா மனசு கட்டுக்கடங்காமப் போய் கடன் மேல கடன், வம்பு வழக்கு. மெஷினை அணைச்சா மனசு தெளியுது, உடம்பு படுக்கையில விழுந்துடுது. எந்த அளவுல வச்சும் ரெண்டும் சேர்ந்து சரியா வரல. அப்ப மெஷினை அணைச்சு, அவரு தெளிவா இருக்குற நேரத்துல, அவருகிட்டயே கேட்டாங்க. அவரு மெஷின் ஓடட்டும், நான் மனநல ஆஸ்பத்திரியில இருந்துக்கிறேன்னு சொன்னாரு. அந்த முடிவு எனக்குச் சம்மதமான்னு கேட்டா தெரியல, மனசு ஒப்புக்க மாட்டேங்குது. ஆனா எப்ப கேட்டாங்கங்கிறதுல அவங்க காட்டின கவனம் இருக்கே, அது எனக்குப் பெரிய பாடம். கேக்குற நேரமும் நியாயத்துல ஒரு பாதிதான்.

இன்னும் ஒண்ணு வீட்டுக்காரங்களுக்கு. பாரிஸ்ல டிபிஎஸ் வச்ச 29 பேரைத் தொடர்ந்து பாத்து 2006ல எழுதினாங்க, உடம்பு நல்லா ஆயிட்டு, ஆனா பல பேருக்குக் குடும்பத்துல புதுசாச் சண்டை. வருஷக்கணக்கா ஊட்டிவிட்டு உடுத்திவிட்டுப் பழகின மனைவிக்கு, திடீர்னு தன்னாலே எழும்பி வெளியே போற மனுஷன், ரெண்டு பேருக்கும் புதுசு. அம்மாகிட்டயும் இதைப் பேசி வைங்க.

அப்புறம் வைக்கிற நாளைப் பத்தி மட்டும் எல்லாரும் பேசுறாங்க, நான் பாத்த அநியாயம் பெரும்பாலும் வச்ச பிறகுதான் நடந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு கரண்டு அளவைச் சரியாக்க மாசக்கணக்கா போய்ப் போய் வரணும், அதுக்குத் தெரிஞ்ச ஆளும் கருவியும் எல்லா ஊர்லயும் கிடையாது. சார்ஜ் பண்ண முடியாத பேட்டரி மூணுல இருந்து அஞ்சு வருஷம், சார்ஜ் பண்ற பேட்டரி அதை விட ரொம்பக் கூடுதல் காலம் வரும், ஆனா வாரா வாரம் சார்ஜ் போட வீட்டுல ஒரு ஆள் கவனமா இருக்கணும். ஒரு வீட்டுல நிலத்தை வித்து, தூரத்து ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வச்சாங்க. நாலாவது வருஷம் ஒரு ராத்திரி அவரு திடீர்னு விறைச்சுப்போயிட்டாரு, தண்ணி விழுங்க முடியல, பேட்டரி தீர்ந்திருக்கு. போன் போட்டா புது பேட்டரிக்கு லட்சக்கணக்குல முதல்ல கட்டச் சொல்றாங்க. மாத்திரையை வேற நல்லாக் குறைச்சிருந்தாங்க, அதனால பழைய டோஸ் உடனே எடுபடல. அந்தப் பத்து நாள் அந்த வீட்டுல நான் இருந்தேன். பேட்டரி மாத்துற செலவைப் பத்தி ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வார்த்தை அவங்ககிட்ட யாரும் சொல்லல. இதை நான் மன்னிக்கவே மாட்டேன். மூளையில ஒரு சாமானை வச்சா, அதை வச்சவங்களுக்கு அந்த ஆள் உயிரோட இருக்குற வரைக்கும் பொறுப்பு இருக்கு.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. மெல்போர்ன்ல வலிப்பு வர்றதை முன்கூட்டியே சொல்ற கருவியை 15 பேருக்குத் தலையில வச்சாங்க, 2013 வாக்குல அதைச் செஞ்ச கம்பெனிகிட்ட பணம் தீர்ந்து, கருவியை எடுக்க வேண்டி வந்துச்சு. அதுல ஒரு அம்மா கடைசி வரைக்கும் எடுக்க விடாமப் போராடினாங்க, அது தன்னோட ஒரு பாகமாவே ஆயிட்டுதுன்னு சொன்னாங்க.

அதனால பணத்தைப் பொறுத்தவரை எழுத்துல வாங்குங்க, மொத்தம் எவ்வளவு, பேட்டரி எது, மாத்தும்போது எவ்வளவு, அளவு பாக்க எத்தனை தடவை வரணும், இங்க பக்கத்துல யாரு பாப்பாங்க. நமக்கு வசதி என்னன்னா திருவனந்தபுரம் பக்கம். அங்க ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில 1995ல இருந்தே வலிப்புக்கான ஆபரேஷன் நடக்குது, டிபிஎஸ்ஸும் நடக்குது, ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு அங்க போய் ஒருக்கா காட்டுறது நல்லது. அதோட, நடுக்கம் மட்டும்தான் பெரிய பிரச்சனை, அதுவும் ஒரு பக்கம்னா, மூளையில ஒரு சின்ன இடத்தை ஒரே தடவையாச் சுட்டு அழிக்கிற பழைய முறையும் இருக்கு, வயர் பேட்டரி ஒண்ணும் வேண்டாம். அதைத் திரும்ப மாத்த முடியாதுன்னு பல பேரு கீழா நினைக்கிறாங்க. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத ஏழைக்கு அதுவே நியாயமான வைத்தியமா இருக்கலாம்னு நான் நினைக்கிறேன், டாக்டர்கிட்ட தைரியமாக் கேளுங்க.

ஒரு முக்கியமான விஷயம், இது என் தொழில்ல உள்ளது. டிபிஎஸ் வச்ச ஆளுக்கு ஷார்ட்வேவ் டயாதெர்மி வைக்கவே கூடாது, தோள் வலிக்கு முட்டு வலிக்குன்னு நம்ம ஊர் கிளினிக்ல சூடு கொடுக்குற பெட்டி இருக்குமே, அதுதான். அந்த வயர் வழியா சூடு மூளைக்குள்ள ஏறி உயிரே போயிருக்கு. எம்ஆர்ஐ எடுக்கணும்னாலும் மெஷின் கார்டைக் காட்டிக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். அப்பா வச்சா, அந்த கார்டு அவரு பர்ஸ்லயே இருக்கட்டும்.

இப்போதைக்கு நீங்க செய்ய வேண்டியது, ஒரு வாரம் ஒரு நோட்டுல மாத்திரை போட்ட மணி, உடம்பு தளர்ந்த மணி, திரும்ப இறுகின மணி எழுதுங்க. அதுல அவருக்கு நல்லா இருக்குற நேரம் தெரியும், பெரும்பாலும் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. அந்த நேரம் அண்ணனையும் கூட்டிட்டு வராந்தாவுல அப்பா பக்கத்துல உக்காருங்க, டிவியை அணைச்சிடுங்க. ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு கேக்க வேண்டாம், எது முடியாம இருக்கிறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு அப்பான்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணுங்க, அம்மா நடுவுல பதில் சொல்ல வந்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. அவரு குரல் சின்னதாத்தான் வரும், கிட்டப் போய்க் கேட்டு, அவரு சொன்ன வார்த்தையை அப்படியே அந்த நோட்டுலயே எழுதி டாக்டர்கிட்ட கொண்டு போங்க.